வயலுக்குள் போவதா, மாடிக்குப் போவதா?

கடந்த மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து வந்து கடையில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பழக்கமான வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். அரசாங்கத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். சாமான் வாங்க வரவில்லை. கையில் சுருட்டிய நிலஅளவைப் படம் ஒன்று இருந்தது. அதை மேசையில் விரித்து, காற்றில் பறக்காமல் இரண்டு படிக்கல்லைத் தூக்கி மேலே வைத்தார்.

"காக்கா, இதை ஒருக்காப் பாருங்க. என்னிட்ட இருக்கிறது இருபது பேர்ச் வளவு. நாலும் பொம்புளப் புள்ளைகள். நாலாப் பிரிக்கக் கேட்டா, சட்டப்படி ஏலாது என்று சேர்வயர் சொல்றார்."

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

"என்ன செய்யிற? மூத்தவக்கு இந்த வளவு. மத்த மூணு பேருக்கும் வயலுக்குள்ள காணி பார்க்கிற. மண் போட்டு நிரப்பினாச் சரிதானே?"

"சரிதானே" என்று அவர் இலேசாகக் கேட்டுவிட்டார். எனக்குத்தான் இலேசாகப் பதில் சொல்ல முடியவில்லை. மருதமுனை, நற்பிட்டிமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, அதற்கு அப்பால் நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வரை வீட்டுக்கு வீடு இதே கேள்விதான். நகர வலயத் திட்டம் எப்படி இருக்க வேண்டும், பிரதான வீதியில் எத்தனை மாடி கட்ட விடலாம், வயலை நிரப்பி நகரத்தைப் பெருப்பிக்கலாமா என்றெல்லாம் நாம் கூட்டங்களில் வாதாடுகிறோம். அந்த வாதமெல்லாம் கடைசியில் வந்து நிற்பது இந்த வாப்பாவின் நிலஅளவைப் படத்தில்தான். வர்த்தகர்களாகிய நமக்கும் இதில் நேரடிச் சம்பந்தம் இருப்பதால் இவ்வாரம் இதை எடுத்துக்கொண்டேன்.

ஒரு விடயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் பிரதான வீதியில் கடை வைத்திருப்பவன். மேலே கட்டுவதற்கு விதிகள் தளர்ந்தால் எனக்கும் இலாபம் உண்டு. ஆகவே நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உரைத்துப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நமது ஊரின் அகலம்

நமது ஊர்களின் அமைப்பை வெளியூர்க்காரருக்கு விளக்குவது சுலபம். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் வடக்குத் தெற்காக ஏ-4 பெருந்தெரு. கொழும்பில் புறப்பட்டு இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று வழியாக வந்து கல்முனையைக் கடந்து மட்டக்களப்பில் முடிகின்ற வீதி அது. அதுவே நமது கடைத்தெரு. பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கந்தோருக்கும் போகும் பாதையும் அதுவே. ரயில் மட்டக்களப்போடு நின்றுவிட்டது. அதைக் கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் நீட்ட வேண்டும் என்ற பேச்சு நீண்ட காலமாக இருக்கிறது, தண்டவாளம் வரவில்லை. நமக்கு இருப்பது பஸ். கல்முனை பஸ் நிலையத்தில் இருந்து மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் அக்கரைப்பற்றுக்கும் போகும் பஸ்களும், கொழும்புக்குப் போகும் இரவு பஸ்களும்தான் நமது போக்குவரத்து.

இந்த ஒடுங்கிய நிலத்தில் எவ்வளவு சனம்? 2012 குடிசன மதிப்பீட்டின்போதே கல்முனை மாநகர சபைப் பிரதேசத்தில் ஏறத்தாழ 1 இலட்சம் பேர் இருந்தார்கள். கிழக்கு மாகாணத்தில் இவ்வளவு நெருக்கமாக மக்கள் வாழும் இடங்கள் மிகக் குறைவு. அதோடு நமது வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. நமது பகுதியில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். வாப்பாவும் உம்மாவும் பின்னால் ஒரு அறை இறக்கிக்கொண்டு ஒதுங்குகிறார்கள். அடுத்த பிள்ளைக்கு அதே வளவில் இன்னொரு வீடு. இந்த வழக்கம் சரியா பிழையா என்பதை உலமாக்கள் பேசட்டும், அது வேறு கட்டுரைக்கு உரியது. ஆனால் காணியைத் துண்டு துண்டாக்குவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்பதை யாரும் மறுக்க முடியாது.

ஆறு பேர்ச் கணக்கு

நகர அபிவிருத்தி அதிகார சபை 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவானது. அதன் 1986 ஆம் ஆண்டு திட்டமிடல், கட்டிட ஒழுங்குவிதிகளில் ஒரு காணித் துண்டுக்கு ஆகக் குறைந்த அளவு 150 சதுர மீற்றர் என்று வைத்தார்கள். நமது கணக்கில் அது சுமார் 6 பேர்ச். 2021 இல் புதிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளிவந்தன. துண்டுக்கு ஒரு கீழெல்லை என்ற கொள்கை மாறவில்லை.

நமது வாடிக்கையாளரின் 20 பேர்ச்சை நாலாகப் பிரித்தால் ஆளுக்கு 5 பேர்ச். பின்னால் உள்ள துண்டுகளுக்குப் போக ஒழுங்கை விட்டால் அதிலும் குறையும். அங்கீகாரம் கிடைக்காது. அப்போது நமது ஆட்கள் என்ன செய்கிறார்கள்? பிரிக்காமலேயே "பிரிபடாத பங்கு" என்று உறுதி எழுதி, வளவுக்குள் நாலு வீட்டைக் கட்டிவிடுகிறார்கள். வீடு இருக்கிறது. ஆனால் எந்தச் சுவர் யாருடையது என்று எந்தக் கடதாசியிலும் இல்லை.

இதன் வியாபார விளைவைப் பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு இளம் வியாபாரி, மனைவியின் வீட்டை ஈடு வைத்துக் கடையைப் பெருப்பிக்கலாம் என்று வங்கிக்குப் போனார். பிரிபடாத பங்கு உறுதி என்றதும் பைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வட்டியைத் தவிர்த்து, குறைந்து செல்லும் கூட்டுடைமை முறையில் வீட்டுக்கு நிதி தரும் இஸ்லாமிய வங்கி முறையிலும் இதே சிக்கல்தான். வங்கி உங்களோடு பங்காளியாக வேண்டுமானால், எதில் பங்கு என்பது தெளிவாக இருக்க வேண்டுமே! இலட்சக்கணக்கான ரூபாய் கல்லாகவும் சீமெந்தாகவும் நமது ஊரில் கிடக்கிறது. அதில் ஒரு சதத்தையும் தொழிலுக்குத் திருப்ப முடியவில்லை.

நெருக்கம் வேண்டுமா, வேண்டாமா என்று நாம் வாதாடுகிறோம். நெருக்கம் எப்போதோ வந்துவிட்டது. அது சட்டத்துக்கு வெளியே, வெளிச்சம் இல்லாமல், வடிகான் இல்லாமல், உறுதி இல்லாமல் வந்திருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

வயல் சும்மா கிடக்கும் காணி அல்ல

"வயல் இருக்கிறதுதானே, நிரப்பினால் போச்சு" என்பது நமது ஊரில் சுலபமாகச் சொல்லப்படும் தீர்வு. றவூப் ஹக்கீம் அவர்கள் 2015 இல் இருந்து நகரத் திட்டமிடல் அமைச்சராக இருந்த காலத்தில் கல்முனையையும் சம்மாந்துறையையும் உள்ளடக்கிய புதிய நகர அபிவிருத்தித் திட்டம் பெரிதாகப் பேசப்பட்டது. அப்போதும் வயலை நிரப்புவதா என்பதே பெரிய வாதமாக இருந்தது.

சட்டத்தைப் பார்த்தால், 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்பக் கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். வயல் இரண்டு வேலை செய்கிறது என்பதை வியாபாரிகளாகிய நாம் மறந்துவிடக் கூடாது.

முதலாவது, அது நமக்கு வாடிக்கையாளரைத் தருகிறது. இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரத்தில் தேங்கும் தண்ணீர் வந்து வெள்ளாமை விளைந்தால்தான் நமது கடைகளில் காசு புழங்கும். பெரும்போகம் பிழைத்த வருடம் புடவைக் கடைக்காரர் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

இரண்டாவது, மாரியில் தண்ணீர் போய் நிற்கும் இடம் அதுதான். ஊருக்குள் பெய்யும் மழை தோணாவுக்கும் வயலுக்கும் போய்த்தான் கடலைச் சேர வேண்டும். போகும் இடத்தை அடைத்தால் அது திரும்பி நமது வீட்டுக்குள் வரும். 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்கள் ஏறிவந்த உழவு இயந்திரம் நீரில் அள்ளுண்டு போனதையும், அந்தப் பிள்ளைகளின் ஜனாஸாக்களையும் நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்தத் தாழ்நிலங்களில் தண்ணீர் எவ்வளவு வேகமாகப் பாயும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அங்கே பிள்ளைக்குச் சீதன வீடு கட்டிக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

கடற்கரைப் பக்கமும் போக முடியாது. 2004 டிசம்பர் 26 இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மவுத்தானார்கள். கடலோரத்தில் நெருக்கி நெருக்கிக் கட்டியிருந்த நமது சனம்தான் கூடுதலாகப் போனது. அதன் பிறகு கிழக்கில் 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்றார்கள், பிறகு அதைத் தளர்த்தினார்கள். மருதமுனையில் ஒரு குடியிருப்புக்கு "65 மீற்றர் வீட்டுத்திட்டம்" என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கடலில் இருந்து 300 மீற்றர் வரையான நிலத்தைக் கரையோர வலயமாகக் கணித்து, அங்கே கட்டுவதற்கு அனுமதி கேட்கிறது. சுனாமி அன்று தப்பியவர்களில் எத்தனையோ பேர் பள்ளிவாசல் மாடியிலும் அயல் வீட்டு மாடியிலும் ஏறித் தப்பியவர்கள்.

ஆக, கிழக்கே போக முடியாது, மேற்கே போகக் கூடாது. மிச்சம் இருப்பது நடுத் துண்டு. பஸ் ஓடும் பெருந்தெருவும் அதன் இரு மருங்கும். அங்கே மேலே போவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

உலகம் என்ன செய்கிறது?

போக்குவரத்துப் பாதைக்குப் பக்கத்தில் கூடுதல் வீடு கட்ட விடுவது என்பது நமது ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வீட்டு விலை சாதாரண சம்பளக்காரருக்கு எட்டாமல் போனதால், ரயில் நிலையங்களுக்கும் விரைவு பஸ் தரிப்பிடங்களுக்கும் அரை மைல் தூரத்துக்குள் பல மாடி வீடுகளுக்கு இடம் கொடுக்கும் சட்டத்தில் 2025 ஒக்டோபரில் ஆளுநர் கையொப்பமிட்டார். அதற்கு முன்பே, 2022 இல், அப்படியான இடங்களில் கட்டுபவர் இத்தனை வாகனத் தரிப்பிடம் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தையும் எடுத்துவிட்டார்கள். நியூஸிலாந்தின் ஓக்லாந்து நகரில் 2016 இல் குடியிருப்புக் காணிகளில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கில் கூடுதல் வீடுகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். அதன் பிறகு புதிய வீடுகளுக்கான கட்டிட அனுமதிகள் பெருமளவு கூடின.

தமிழ்நாட்டில் 2019 இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டிட விதிகளின்படி அகலமான வீதியில் காணி உள்ளவர் அரசாங்கத்துக்குக் கட்டணம் செலுத்தி, வழமையான அளவுக்கு மேலாக மாடிப் பரப்பைப் பெற்றுக்கொள்ளலாம். வீதி அகலத்தைப் பார்த்து அனுமதி, அனுமதிக்குப் பணம் என்பது அதன் சாரம். இது நமக்கு நல்ல பாடம்.

கொழும்பில் இருந்து ஒரு எச்சரிக்கையும் உண்டு. மாலபேயில் இருந்து கோட்டை வரை ஜப்பானியக் கடனுதவியோடு இலகு ரயில் பாதை அமைக்க 2019 இல் ஒப்பந்தம் செய்தார்கள். 2020 செப்டெம்பரில் அரசாங்கம் அதைக் கைவிட்டது. நிலையம் வரும் என்று நம்பிக் காணிக்குப் பணம் போட்டவர் என்ன செய்வார்? ஆகவே நமது திட்டம் வரப்போகும் ரயிலை நம்பி இருக்கக் கூடாது. இன்றைக்கு ஓடுகின்ற பஸ்ஸை வைத்து இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கலிபோர்னியாவின் "அரை மைல்" கணக்கை நமது ஊரில் அப்படியே போட்டால் என்ன நடக்கும்? பெருந்தெருவில் இருந்து அரை மைல் போனால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். ஊர் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். ஆகவே வெளிநாட்டு வட்டத்தைக் கொண்டுவந்து நமது படத்தில் ஒட்ட முடியாது. நமக்கு அளவுகோல் வீதியின் அகலமும் வடிகானும்தான்.

எதிர்ப்பவர்களின் நியாயம்

மாடி வேண்டாம் என்பவர்களை அபிவிருத்திக்கு எதிரிகள் என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர்கள் சொல்வதில் மூன்று நியாயங்கள் இருக்கின்றன.

முதலாவது கழிவுநீர். ஊர் முழுக்க ஓடும் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி நம்மிடம் இல்லை. வீட்டுக்கு ஒரு மலசலகூடக் குழி. நமது நிலம் மணல். ஐந்து பேர்ச் வளவில் கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் இருக்க வேண்டிய தூரம் கிடைக்காது. அதற்கு மேல் மூன்று மாடிச் சனத்தின் கழிவும் சேர்ந்தால் அயல் வீட்டுக் கிணறு கெட்டுப் போகும். சுனாமிக்குப் பிறகு கல்முனையில் கட்டப்பட்ட கிறீன் பீல்ட் தொடர்மாடி வீட்டுத்திட்டத்தில் குடியேறிய மக்கள் திரும்பத் திரும்ப முறையிட்டதும் கழிவுநீர், குப்பை, பொது இடப் பராமரிப்பு என்பவற்றைத்தான். மாடி கட்டுவது ஒரு தடவைச் செலவு. அதைப் பராமரிப்பது மாதாமாதச் செலவு. சிங்கப்பூரில் 1960 இல் இருந்து அரசாங்கமே தொடர்மாடிகளைக் கட்டிப் பெரும்பாலான மக்களைக் குடியேற்றியது. அங்கே ஒவ்வொரு வீட்டுக்காரரும் மாதாந்தம் பராமரிப்புக் கட்டணம் செலுத்துகிறார். நாம் மாடியை மட்டும் பார்த்துவிட்டு அந்தக் கட்டணத்தைப் பார்ப்பதில்லை.

இரண்டாவது வெளிச்சமும் மறைப்பும். பக்கத்து வீட்டு மாடி ஜன்னல் நமது குசினிக்கு மேலே திறந்தால் நமது பெண்கள் எப்படிப் புழங்குவது? நியாயமான கேள்வி. தானும் தீங்குக்கு ஆளாகக் கூடாது, பிறருக்கும் தீங்கு செய்யக் கூடாது என்பது மார்க்கச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. நாட்டுச் சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகரச் சீரமைப்புக் கட்டளைச் சட்டத்தில் 63½ பாகை வெளிச்சக் கோணம் என்று ஒரு விதி இருக்கிறது. சாதாரணப் பேச்சில் சொன்னால், கட்டிடத்துக்கும் எதிரே உள்ள எல்லைக்கும் இடையில் உள்ள வெளியைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு உயரத்துக்குத்தான் போகலாம். 17 அடி வெளி இருந்தால் சுமார் 34 அடி. நூறு வருடத்துக்கு முன் எழுதிய இந்த விதியைக் கடைப்பிடித்திருந்தாலே நமது ஒழுங்கைகள் பாதி இருட்டில் கிடக்காது.

மூன்றாவது சந்தேகம். கல்முனையில் வலயப் படம் என்றால் அதை எல்லைப் படமாகவே நாம் பார்க்கிறோம். முஸ்லிமும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் இடம் இது. பிரதேச செயலகம், நகர சபை என்று எல்லைச் சண்டைகளில் இரு தரப்பும் களைத்துப் போய் இருக்கிறோம். சவூதி அரேபியாவின் உதவியில் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சுனாமி மக்களுக்கென்று கட்டிய 500 வீடுகள், இன விகிதாசாரச் சர்ச்சையிலும் உயர் நீதிமன்ற வழக்கிலும் அகப்பட்டு வருடக்கணக்காகக் காடேறிக் கிடந்த கதை நமக்குத் தெரியும். ஆகவே மாடித் திட்டத்தை "நமது ஆட்களுக்கு" என்று கேட்டால் அது நிச்சயம் நின்றுபோகும். வீதி அகலத்துக்கும் வடிகானுக்கும் இனம் இல்லை. பாண்டிருப்பில் உள்ள தமிழ் வர்த்தகருக்கும் கல்முனைக்குடியில் உள்ள முஸ்லிம் வர்த்தகருக்கும் ஒரே விதியைக் கேட்டால்தான் இந்தக் காரியம் நகரும்.

வாடகைக் கடைக்காரரின் பயம்

நமது வாசகர்களில் பலர் சொந்தக் கடைக்காரர் அல்ல, முற்பணம் கட்டி வாடகைக்கு இருப்பவர்கள். அவர்களுடைய பயத்தை யாரும் கூட்டங்களில் பேசுவதில்லை. பிரதான வீதியில் நாலு மாடி கட்டலாம் என்று விதி வந்தால் மறுநாளே காணியின் விலை ஏறும். உரிமையாளர் பழைய கடையை உடைத்துக் கட்ட நினைப்பார். இருபது வருடமாக அந்த இடத்தில் வாடிக்கை பிடித்தவர் சாமானைத் தூக்கிக்கொண்டு வெளியே நிற்பார்.

வாடகைக்கு இருப்பவர்கள் இப்போதே செய்யக்கூடிய ஒன்று உண்டு. வாய்ப்பேச்சில் இருக்கும் வாடகையை எழுத்துக்குக் கொண்டுவாருங்கள். கட்டிடம் உடைக்கப்பட்டால் எத்தனை மாத அறிவித்தல், முற்பணம் எப்போது திரும்பும், புதிய கட்டிடத்தில் கீழ்மாடிக் கடையை முதலில் கேட்கும் உரிமை யாருக்கு என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. உரிமையாளருக்கும் இது நட்டமல்ல. கட்டி முடித்த அன்றே கடைக்கு ஆள் தயார்.

நாம் எதைக் கேட்க வேண்டும்?

உள்ளூராட்சிச் சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6 இல் நாடு முழுவதும் தேர்தல் நடந்தபோது வழக்குக் காரணமாகக் கல்முனை மாநகர சபைக்கு வாக்களிப்பு நடக்கவில்லை. உறுப்பினரைப் பிடித்துக் காரியம் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, வர்த்தகர் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் எழுத்தில், கணக்கோடு, மாநகர ஆணையாளருக்கும் நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும் கோரிக்கை கொடுக்கப் பழக வேண்டும். அபிவிருத்தித் திட்டம் ஒன்று வரையப்படும்போது பொதுமக்கள் பார்வையிட்டு ஆட்சேபனை தெரிவிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அந்த நாட்களில் நாம் கடையில் இருந்துவிட்டு, பிறகு வர்த்தமானி வந்ததும் ஹர்த்தால் செய்து பலன் இல்லை.

எனது மனதில் உள்ள கோரிக்கைகள் இவை:

1. பெருந்தெருவிலும் அதோடு சேரும் அகலமான வீதிகளிலும் வீதி அகலத்தைப் பார்த்து மாடி எண்ணிக்கையைத் தீர்மானிக்க வேண்டும். தீயணைப்பு வண்டி நுழைய முடியாத ஒழுங்கைக்கு உயரம் கொடுக்கக் கூடாது.

2. அடுத்தடுத்த சிறு துண்டுக்காரர்கள், குறிப்பாகச் சகோதரிமார், காணியைச் சேர்த்து ஒரே கட்டிடமாகக் கட்ட முன்வந்தால் அவர்களுக்கு ஒரு மாடி கூடுதலாகக் கொடுக்க வேண்டும். பிரித்துச் சிறுத்துப் போன காணியைத் திரும்பச் சேர்ப்பதற்கு இதைவிட நல்ல தூண்டுதல் இல்லை.

3. கூடுதல் மாடிக்குக் கட்டணம் வாங்கட்டும். ஆனால் அந்தப் பணம் அந்த வட்டாரத்தின் வடிகானுக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டிக்கும் மட்டும் போக வேண்டும். பொதுக் கணக்கில் கலந்தால் நமது சனம் ஒரு சதமும் தராது.

4. ஒவ்வொரு கடைக்கும் வாகனத் தரிப்பிடம் என்று கேட்டால் சிறு வியாபாரியால் கட்டவே முடியாது. அதற்குப் பதிலாகப் பஸ் நிலையத்துக்கும் சந்தைக்கும் அருகில் பொதுத் தரிப்பிடமும், லொறி சாமான் இறக்க நேர ஒழுங்கும் வேண்டும்.

5. வயலும் தோணாவும் கரையோர வலயமும் படத்தில் தெளிவாகக் குறிக்கப்பட்டு, அங்கே புதிய நெருக்கம் இல்லை என்று உறுதியாக எழுதப்பட வேண்டும். நடுவில் கதவைத் திறந்துவிட்டு இரு பக்கமும் மூடாவிட்டால் சனம் மூன்று பக்கமும் போகும்.

மாடிக்கும் உறுதி உண்டு

கடைசியாக, நமது ஊரில் பலருக்குத் தெரியாத ஒன்று. மண்ணில் கால் பதியாத வீட்டுக்கு உறுதி கிடையாது என்று நினைக்கிறோம். "மேல்மாடியைச் சீதனமாகக் கொடுத்தால் மாப்பிள்ளை வீட்டார் ஒத்துக்கொள்வார்களா?" என்று கேட்கிறோம். 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க ஆதன உடைமைச் சட்டத்தின்படி ஒரு கட்டிடத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி உறுதி பெறலாம். சட்டப்படி அனுமதி பெற்றுக் கட்டி, இணக்கச் சான்றிதழ் எடுத்து, மாடிவாரியான நிலஅளவைப் படத்தை அங்கீகரித்துக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். கூரை, படிக்கட்டு, தண்ணீர்த் தாங்கி, வளவு எல்லாம் பொது உடைமை. அதைப் பராமரிக்க வீட்டுக்காரர்கள் முகாமைத்துவக் குழு அமைக்க வேண்டும். இச்சட்டம் கொழும்பு ஆடம்பர மாடிகளுக்கு மட்டும் உரியதல்ல. நாலு சகோதரிகளின் வளவுக்கும் அதே சட்டம்தான். அந்த உறுதியை வங்கிக்கும் கொண்டு போகலாம்.

நமது வாடிக்கையாளரின் கணக்கை அன்றைக்கு ஒரு பில் புத்தகத்தின் பின்புறத்தில் போட்டுப் பார்த்தோம். 20 பேர்ச் என்றால் 5,445 சதுர அடி. அதில் மூன்றில் ஒரு பங்கைத் திறந்த வெளியாக விட்டால், கட்டுவதற்கு 3,630 சதுர அடி. படிக்கட்டுக்கும் சுவருக்கும் கழித்தால் ஒரு தட்டில் சுமார் 1,500 சதுர அடியில் இரண்டு வீடு. மேலே இரண்டு தட்டில் நாலு பிள்ளைக்கும் நாலு வீடு. கீழ்த்தட்டில் வாப்பாவும் உம்மாவும், வாகனங்களும், ஒரு பொதுக் கழிவுத் தொட்டியும். ஒரு முழம் வயலும் வேண்டியதில்லை.

அவர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். "கணக்குச் சரி காக்கா. ஆனா நாலு மருமகனும் ஒரே படியில ஏறி இறங்குவாங்களா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். ஆனால் அது சிரிக்கும் கேள்வி அல்ல. படிக்கட்டைக் கூட்டுவது யார், தாங்கிக்குத் தண்ணீர் அடிக்கும் மின்சாரப் பில்லை யார் கட்டுவது என்பதில்தான் எத்தனையோ மாடிகள் பாழாகின்றன. சட்டத்தை மாற்றுவது அதிகாரிகளின் வேலை. ஒரே படியில் ஏறி இறங்கப் பழகுவது நமது வேலை.

அவர் படத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். வயலில் முற்பணம் கட்டும் யோசனையை இரண்டு மாதம் தள்ளிப் போட்டிருப்பதாகப் போன கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சொன்னார். மாடி உறுதி பற்றி நொத்தாரிசிடம் கேட்கப் போகிறாராம். உங்களில் யாருக்காவது வயலுக்குள் காணி பேசும் எண்ணம் இருந்தால், முற்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் வளவின் படத்தை எடுத்து வைத்து இதே கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அல்லாஹ் நமது பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான வீடுகளைத் தருவானாக.